மாயச் சாகசக் கதையை எழுதி, அதன் மாந்தரை நீங்களே வரைவது எப்படி?

மாயச் சாகச நாவல் ஒன்றைப் பாதிவரை எழுதியிருப்பதாகவும், அதன் மாந்தரை நோட்டுப் புத்தகத்தில் நீங்களே வரைந்துவருவதாகவும் சொல்லி நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதலில் எழுத வேண்டுமா, வரைய வேண்டுமா என்பது ஒன்று. ஒரே பாத்திரம் ஒவ்வொரு படத்திலும் வேறு ஆளாகத் தெரிவதை எப்படித் தடுப்பது என்பது இரண்டாவது. மனித உருவம் கைக்கு நன்றாக வராதவர் தம் கதைக்குத் தாமே படம் போடலாமா என்பது மூன்றாவது. பதிப்பாளர் எழுத்தை மட்டும் கேட்டால் என்ன செய்வது என்பது கடைசி. முதல் கேள்வியிலிருந்தே மற்றவை கிளைக்கின்றன என்பதால் அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

எழுதுபவரும் வரைபவரும் ஒருவராக இருப்பதன் பெரிய நன்மை எது என்று கேட்டால், மனத்தில் கண்டதை அப்படியே காட்ட முடியும் என்றுதான் பலரும் சொல்வார்கள். என் கருத்து வேறு. எழுத்து விட்டுவைத்த ஓட்டையைப் படம் காட்டிக்கொடுக்கும். படம் பொய்யாக அழகுபடுத்தியதை எழுத்து திருத்தும். இரண்டும் ஒரே மேசையில் நடப்பதால் அந்தத் திருத்தம் அன்றைக்கே நிகழும். முழு நாவலையும் எழுதி முடித்துவிட்டு, அச்சுக்குப் போகுமுன் பத்துப் பதினைந்து இடங்களில் படம் வரைந்து செருகுகிறவர் இந்த நன்மையை முற்றிலும் இழந்துவிடுகிறார். முதலில் எல்லாரையும் அழகாக வரைந்து வைத்துக்கொண்டு பிறகு கதை தேடுகிறவரும் இழந்துவிடுகிறார், ஏனென்றால் அந்தப் படங்களில் நிற்பவர்களுக்கு இன்னும் எதுவும் நேரவில்லை.

எழுதுபவர் ஒருவர், வரைபவர் வேறொருவர் என்றிருந்த ஒரு நிகழ்வைப் பாருங்கள். லூயிஸ் கரோல் தம் ஆலிஸ் கதையின் முதல் கையெழுத்துப் பிரதியில் 37 படங்களைத் தாமே வரைந்து, 1864 நவம்பரில் ஆலிஸ் லிடெல் என்ற சிறுமிக்குப் பரிசளித்தார். 1865இல் நூலாக அச்சிட்டபோது படப்பொறுப்பை ஜான் டெனியல் என்ற தேர்ந்த ஓவியரிடம் ஒப்படைத்தார். அவர் வரைந்தவை 42. கண்ணாடிக்குள் போகும் இரண்டாம் கதை தயாராகிக்கொண்டிருந்த 1870இல், பொய்ம்முடி அணிந்த குளவி ஒன்று வரும் பகுதியைத் தம்மால் படமாக நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று டெனியல் எழுதினார். கரோல் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார். 1871இல் வெளிவந்த நூலில் குளவி இல்லை. ஓவியரின் கண்ணுக்கு அகப்படாத ஒன்று கதையிலும் தளர்வாக இருக்கக்கூடும் என்று எழுத்தாளர் ஏற்றுக்கொண்ட தருணம் அது. அவர்களுக்கு அதற்கு ஒரு கடிதமும், ஒருவர் மற்றவர்மேல் வைத்திருந்த மதிப்பும் தேவைப்பட்டன. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இன்னொரு நிகழ்வு அளவைப் பற்றியது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'ஹாபிட்' என்ற மாயச் சாகச நாவல் 1937இல் வெளிவந்தது. அதில் நிலத்தடி ஏரியில் வாழ்ந்து புதிர் போடும் உயிர் ஒன்று உண்டு. அதன் கண், குரல் எல்லாம் சொல்லப்பட்டிருந்தன. எவ்வளவு பெரியது என்பது மட்டும் சொல்லப்படவில்லை. 1962இல் சுவீடிய மொழிபெயர்ப்புக்குப் படம் வரைந்த பின்லாந்து எழுத்தாளரும் ஓவியருமான தோவே யான்சன் அதை மலைபோன்ற பெரிய உருவமாக வரைந்தார். எழுத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை என்பதால் அவர்மேல் குறை சொல்ல இயலாது. பின்னாளில் திருத்திய பதிப்பில் அந்த வருணனையோடு 'சிறிய' என்ற சொல்லும் சேர்ந்தது. ஆசிரியரே பென்சிலை எடுத்து அந்த உயிரைக் கதைத்தலைவன் பக்கத்தில் நிறுத்தி வரைந்திருந்தால் அந்தச் சொல் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கதைக்கு வருவோம். உங்கள் கதைத்தலைவியான சிறுமி, எதிரிகள் வரும் திசையை அறிய ஒரு பனைமரத்தில் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அவள் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறினாள்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது எளிது. வரைய உட்கார்ந்தால் முதல் நிமிடத்திலேயே கேள்விகள் எழும். பாவாடையை எப்படி இடுக்கிக்கொண்டாள்? பனையில் கிளை இல்லையே, கால் எதில் பதிந்தது? மரமேறிகள் காலில் மாட்டிக்கொள்ளும் தளைநார் அவளிடம் இருந்ததா? இல்லையென்றால் எதை முறுக்கி அதற்குப் பதிலாகப் பயன்படுத்தினாள்? கையில் இருந்த மாயக்கோலை எங்கே வைத்தாள்? கடைசிக் கேள்விக்கு, "அடியிலேயே வைத்துவிட்டு ஏறினாள்" என்று நீங்கள் விடை சொல்லும் நொடியில் கதைக்கு ஒரு புதிய திருப்பம் கிடைத்துவிடுகிறது: கோல் கீழே இருக்கிறது, அவள் மேலே இருக்கிறாள், யாரோ வருகிறார்கள். இந்தத் திருப்பத்தை எழுத்து மட்டும் உங்களுக்குத் தந்திருக்காது. உடலை வரையும்போதுதான் உடலுக்குரிய இடர்ப்பாடுகள் தெரிகின்றன; சாகசக் கதை அந்த இடர்ப்பாடுகளில்தான் உயிர் வாழ்கிறது.

ஆகையால் நான் பரிந்துரைக்கும் முறை இது. ஓர் அத்தியாயத்தை வேகமாக, நடையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள். பிறகு அதே அத்தியாயத்தில் உடல் அசையும் இடங்கள் எல்லாவற்றையும் தீப்பெட்டி அளவில், முகம் இல்லாத கோட்டுருவங்களாக வரைந்து பாருங்கள். யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எப்பக்கமிருந்து வருகிறது, கதவு எத்திசையில் திறக்கிறது, கையில் என்ன இருக்கிறது என்பவை மட்டும் தெரிந்தால் போதும். அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தியாயத்தை மறுபடி எழுதுங்கள். இந்தச் சிறு வரைவுகளில் பெரும்பாலானவை அச்சில் வராது, வரவும் வேண்டியதில்லை. தெளிவான படமாக முடிக்க வேண்டியவை எவை என்பதை நாவல் முழுவதும் இரண்டாம் முறை எழுதப்பட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

இதே காரணத்துக்காக, கதை நடக்கும் நிலத்தின் வரைபடத்தை முதலிலேயே வரைந்துவிடுங்கள். டோல்கீன் 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' என்ற தம் பெரிய கதையை வரைபடத்திலிருந்து தொடங்கி, கதையை அதற்கு ஏற்ப அமைத்ததாக ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். தூரங்களையும் நாள்களையும் நிலவின் வளர்பிறை தேய்பிறையையும்கூட ஒத்துப்போகும்படி திருத்தி எழுதியவர் அவர். உங்கள் வரைபடம் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அதில் அளவுகோல் ஒன்று இருக்க வேண்டும். கரடுமுரடான பாதையில் மூட்டையோடு நடப்பவர் ஒரு நாளில் 20 முதல் 25 கிலோமீட்டர் கடந்தால் அதுவே அதிகம். காட்டைத் தாண்டி மலைக்கோட்டைக்குப் போக ஆறு நாள் ஆகும் என்று வரைபடம் சொன்னால், அந்த ஆறு நாளும் என்ன சாப்பிட்டார்கள், எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று எழுத வேண்டியிருக்கும். ஆறுகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடட்டும், ஊர்கள் நீரருகே அமையட்டும். மாயம் நிகழும் நிலத்திலும் மற்றவை இயல்பாக இருந்தால்தான் மாயம் மாயமாகத் தெரியும்.

மாயத்தின் விதிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவையும் படத்தில்தான் சோதனைக்கு உள்ளாகின்றன. நம் விக்கிரமாதித்தன் கதைகளில் விதி எவ்வளவு கறாராக இருக்கிறது என்று பாருங்கள். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் மன்னனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். இரண்டே விதிகள், ஆனால் அத்தனை கதைகளையும் அவை தாங்கி நிற்கின்றன. கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையிலும் அப்படியே: உயிர் வேறோர் உடலுக்குப் போயிருக்கும் நேரத்தில் விட்டுச்சென்ற உடல் காவலின்றிக் கிடக்கும், அதில் வேறொருவன் புகுந்துகொள்ளலாம். மாயத்தின் ஆற்றலைவிட அதன் பலவீனம்தான் கதையை நகர்த்துகிறது. இதை நீங்கள் வரைவதாக இருந்தால் இன்னொரு சிக்கல் முன்னால் நிற்கும். மன்னனின் உயிர் கிளிக்குள் இருக்கிறது, மன்னனின் உடலில் வஞ்சகன் இருக்கிறான். பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? எழுத்து ஒரு வரியில் சொல்லிவிடும். படம் அதை நிற்கும் விதத்தில், கழுத்தின் சாய்வில், எந்தக் கையால் வாளைப் பிடிக்கிறான் என்பதில் காட்ட வேண்டும். அப்படி ஓர் அடையாளத்தைப் படத்துக்காகக் கண்டுபிடித்துவிட்டால், கதைக்குள் இருக்கும் அரசியோ அமைச்சரோ அதே அடையாளத்தைக் கொண்டு உண்மையைக் கண்டறியலாம். படத்துக்கு எழுந்த தேவை இப்படிக் கதையின் முடிச்சை அவிழ்க்கும் வழியாக மாறும்.

கற்பனை விலங்குகளை உருவாக்கும்போதும் இந்த நேர்மை வேண்டும். தாராசுரம் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் இருக்கிறது, இடபகுஞ்சரம் என்பார்கள். ஒரு பக்க உடலை மறைத்துப் பார்த்தால் யானை, மறுபக்க உடலை மறைத்துப் பார்த்தால் காளை. காளையின் முகம் எந்தக் கோட்டில் யானையின் முகமாகிறது என்பதைச் சிற்பி மிகத் துல்லியமாகத் தீர்மானித்திருக்கிறார். நம் கோயில் மண்டபத் தூண்களில் நிற்கும் யாளிகளையும் பொறுமையாகப் பென்சிலில் படியெடுத்துப் பாருங்கள். சிங்க உடல் யானைத் துதிக்கையின் பாரத்தைத் தாங்குவதற்கு ஏற்ற கழுத்தும் தோளும் அவற்றுக்கு இருக்கும். வங்கத்தில் சுகுமார் ராய் தம் வேடிக்கைப் பாடல்களுக்குத் தாமே படம் வரைந்தவர். வாத்தையும் முள்ளம்பன்றியையும், யானையையும் திமிங்கலத்தையும் பெயரிலும் உருவத்திலும் ஒரே நேரத்தில் ஒட்டினார். பெயரில் இரண்டு சொற்கள் எங்கே சேர்கின்றனவோ அதற்கு இணையாக உருவத்திலும் ஒரு சேர்க்கை இருப்பதால்தான் அவை நம்பும்படி இருக்கின்றன. உங்கள் விலங்குக்கு இறக்கை வைத்தால் அந்த இறக்கையை அசைக்கும் தசை எங்கிருந்து தொடங்குகிறது என்று கேளுங்கள். அது எதைத் தின்கிறது, எப்படிப் படுத்து உறங்குகிறது என்று கேளுங்கள். உறங்கும் நிலையில் வரைய முடியாத விலங்கை நீங்கள் இன்னும் முழுதாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.

இரண்டாம் கேள்வி, ஒரே பாத்திரம் படத்துக்குப் படம் மாறுவதைப் பற்றியது. பெரும்பாலோர் இதை முகத்தின் சிக்கலாக நினைத்து மூக்கையும் கண்ணையும் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஒருவரைத் தொலைவிலிருந்து நாம் அடையாளம் காண்பது உடல் அளவாலும் நிற்கும் விதத்தாலும்தான். நம் சிற்ப மரபு இதை நெடுங்காலத்துக்கு முன்பே முறைப்படுத்தியிருக்கிறது. முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்று கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து (இது நம் அடிக்கோலின் அங்குலம் அன்று, அந்தந்தச் சிலைக்குரிய அளவு), உருவத்தின் தகுதிக்கேற்ப மொத்த உயரத்தை வகுத்தார்கள். உயர்ந்த தெய்வ வடிவங்களுக்கு 124 அங்குலம் கொண்ட உத்தம தசதாளம், பிள்ளையாருக்குப் பஞ்சதாளம், குள்ளமான பூதகணங்களுக்கு அதனினும் குறைவு. முகம் தேய்ந்துபோன பழைய சிலையிலும் அது யாருடையது என்பதை ஊகிக்க இந்த அளவுகளும் உதவுகின்றன. உங்கள் கதையின் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இப்படி ஓர் எண்ணை நிர்ணயித்துவிடுங்கள். சிறுமி ஐந்தரைத் தலை உயரம், அவள் பாட்டி ஆறு, காவல்வீரன் எட்டு, குகையில் இருக்கும் பூதம் மூன்று என்று வைத்தால், அவர்களை வரிசையாக நிறுத்தி ஓர் உயர அட்டவணை வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டிவிடலாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரித் தாள் வேண்டும். அனிமேஷன் ஸ்டுடியோக்களில் இதை மாடல் ஷீட் என்பார்கள். முன்புறம், முக்கால் திருப்பம், பக்கவாட்டு, பின்புறம் ஆகிய நான்கு தோற்றங்களும், கோபம், பயம், களைப்பு, சிரிப்பு ஆகிய முகபாவங்களும் அதில் இருக்கட்டும். பின்புறத் தோற்றத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சாகசக் கதையில் மாந்தர் முன்னால் இருக்கும் ஆபத்தைப் பார்த்துக்கொண்டு, வாசகருக்கு முதுகைக் காட்டி நிற்கும் படங்கள் நிறைய வரும் என்பதால் அதுதான் மிகவும் தேவைப்படும். முடிந்தால் களிமண்ணில் ஒரு சிறு தலை செய்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை மேலும் கீழும் நகர்த்தி நிழல் விழும் விதத்தை அதில் பார்த்து வரைந்தால், மாதக்கணக்கான தடுமாற்றம் குறையும்.

நிழலுருவச் சோதனையும் அவசியம். பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள், அப்போதும் யாரென்று தெரிய வேண்டும். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன் நினைவிருக்கிறதா? ஒரு கையில் வாள், தோளில் தொங்கும் வேதாளம். உள்ளே ஒரு கோடுகூட இல்லாமல் மை நிரப்பினாலும் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். உங்கள் ஐந்து முக்கிய மாந்தரை அப்படிக் கறுப்பாக்கி வரிசையில் நிறுத்தும்போது இரண்டு பேர் ஒன்றுபோல் தெரிந்தால், பெரும்பாலும் அவர்கள் எழுத்திலும் ஒன்றுபோலத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவரை மாற்றுங்கள், அல்லது இருவரையும் ஒருவராக்கிவிடுங்கள்.

உடை, அணிகலன் பற்றி ஓர் எச்சரிக்கை. வரலாற்றுத் தொடர்கதைகளின் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு மகுடம், கேயூரம், மார்பணி, இடைக்கச்சை என்று அடுக்கிவிடும் ஆசை இயல்பானது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்கள் அந்த ஆசையை எத்தனையோ பேருக்குள் விதைத்திருக்கின்றன, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் நாற்பது படங்கள் வரைய வேண்டிய தலைவிக்குப் பதினேழு மணிகள் கோத்த மாலையை அணிவித்தால், அந்தப் பதினேழையும் நாற்பது முறை நீங்கள் எண்ண வேண்டியிருக்கும். ஒரு பாத்திரத்துக்கு மறக்க முடியாத ஓர் அடையாளம் போதும், அதுவும் கதையில் வேலை செய்வதாக இருந்தால் மிக நல்லது. கிழிந்த முந்தானை எங்கே கிழிந்தது என்பது கதையில் இருக்க வேண்டும். கிழிந்த பிறகு வரும் படங்களில் எல்லாம் அது கிழிந்தே இருக்க வேண்டும். காயம், மண் கறை, மழையில் நனைந்த முடி ஆகியவற்றுக்கும் அத்தியாயவாரியாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். சிறு வாசகர்கள் இவற்றை நம்மைவிடக் கூர்மையாகக் கவனிப்பவர்கள்.

பாத்திரம் மெல்ல மெல்ல வளர்வதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். மூமின் என்ற கற்பனை உயிர்களைப் பற்றி யான்சன் 1945இல் வெளியிட்ட முதல் கதையில் அவை ஒடுங்கிய உடலும் நீண்ட மூக்குமாக இருக்கும். அடுத்தடுத்த நூல்களில்தான் உலகமறிந்த அந்த உருண்ட வடிவம் வந்தது. இருபதாம் படத்தில் உங்கள் கை ஒரு நல்ல வடிவத்தைக் கண்டுகொண்டால் அதை ஏற்றுக்கொண்டு, முதல் பத்தொன்பதையும் மறுபடி வரையுங்கள். கடினமான வேலைதான், ஆனால் ஒரே நூலுக்குள் அந்த மாற்றத்தை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

மூன்றாம் கேள்வியில் உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மனித உருவம் சரியாக வராது என்பதற்காகவே தம் கதைக்குப் படம் வரைவதைக் கைவிட்டவர்கள் பலர். டோல்கீனுக்கும் உருவம் வரைவது வலுவான பக்கம் அன்று. பொற்குவியல்மேல் பறவைநாகம் படுத்திருக்கும் தம் படத்தில் கதைத்தலைவன் மிகப் பெரியவனாகிவிட்டான் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே அவர் மலை, காடு, ஆறு, வாசல், வரைபடம் ஆகியவற்றைத் தம் களமாக்கிக்கொண்டார். கழுகு தேவைப்பட்டபோது பறவையோவியர் ஆர்ச்சிபால்டு தோர்பர்னின் படம் ஒன்றை முன்மாதிரியாக வைத்து வரைந்தார். நிலம் பெரிதாகவும் ஆள் சிறிதாகவும் தெரியும் அந்தப் படங்கள், நெடுவழிப் பயணக் கதைக்கு மிகவும் பொருந்திப்போயின. யான்சனின் வழி வேறு. தேர்ந்த ஓவியரான அவர் 1957இல் வந்த குளிர்காலக் கதைக்குக் கறுப்புப் பரப்பைச் சுரண்டி வெள்ளைக் கோடுகளை வெளிக்கொணரும் முறையைக் கையாண்டார். நீண்ட இருளும் அதற்கு நடுவே தனித்து நிற்கும் சிறிய வெள்ளை உருவமும் அந்தக் கதைக்கு எவ்வளவு தேவை என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். கை எதில் வலுவோ அதையும், கதை எதைக் கேட்கிறதோ அதையும் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பதுதான் பாணியைத் தேர்ந்தெடுப்பது.

அதனால் பிறருடைய பளபளப்பான வண்ணப் படங்களைப் பார்த்து மனம் தளராதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாணி நாற்பது முறை, களைத்திருக்கும் நாளிலும், ஒரே தரத்தில் திரும்ப வரக்கூடியதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே பாத்திரத்தை மிக அருகிலும், மிகத் தொலைவிலும், பின்புறமிருந்தும், ஓடும்போதும், இருட்டிலும் என ஐந்து படங்கள் வரையுங்கள். ஐந்தும் ஒரே நூலைச் சேர்ந்தவையாகத் தெரிந்தால் அந்தப் பாணி உங்களுக்குரியது. இதற்கு இடையே கை கால்களை நேரில் பார்த்து வரையும் பயிற்சியை நிறுத்தாதீர்கள். பேருந்து நிலையத்திலும் கோயில் திருவிழாவிலும் மூட்டையைத் தலைக்கு ஏற்றுபவர், குழந்தையை இடுப்பில் மாற்றுபவர், குனிந்து செருப்பைத் தேடுபவர் என எத்தனையோ அசைவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாயக் கதையின் வீரர்களுக்கும் அதே முழங்கால்தான்.

எந்தத் தருணத்தைப் படமாக்குவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து இருக்கிறது. வாள் மோதும் நொடியை வரையாதீர்கள். மோதுவதற்கு முன்பு எதிரி வாசலை அடைத்து நிற்கும் நொடியையோ, மோதல் முடிந்த பிறகு வாளைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்கும் நொடியையோ வரையுங்கள். மோதலை எழுத்து வேகமாகச் சொல்லும்; படம் அதைப் பிடித்து நிறுத்தும்போது அந்த வேகம் போய்விடும். எழுத்து விரிவாக வருணித்ததைப் படம் திரும்பவும் காட்டவும் வேண்டாம். படத்தில் கோட்டையின் வடிவம் தெரிகிறது என்றால், அதற்காக எழுதிய மூன்று பத்திகளில் இரண்டை வெட்டிவிட்டு, மீதியில் கோட்டையின் வாடை, அங்கே எதிரொலிக்கும் சத்தம், கல்லின் குளிர்ச்சி ஆகியவற்றை எழுதுங்கள். உச்ச பயத்துக்குரிய உருவத்தை வரையாமலேயே விடுவதும் ஒரு நல்ல முடிவு. அதன் காலடித் தடத்தையும் அதைப் பார்த்தவரின் முகத்தையும் வரைந்தால் வாசகரின் மனம் மீதியை உங்களைவிடக் கொடூரமாக வரைந்துகொள்ளும்.

பக்கத்தில் படம் அமையும் இடமும் கதைசொல்லலின் பகுதிதான். கதவுக்குப் பின்னால் யார் என்ற மர்மம் இடப்பக்க எழுத்தில் வளர்ந்துகொண்டிருக்க, வலப்பக்கத்தில் அந்த ஆள் முழுப்பக்கப் படமாக நின்றுகொண்டிருந்தால் மர்மம் போயிற்று. அந்தப் படம் தாளைத் திருப்பிய பிறகு வரும்படி வரிகளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். எழுத்தும் படமும் உங்களுடையவை என்பதால் யாரிடமும் அனுமதி கேட்காமல் இதைச் செய்யலாம்.

அச்சுத் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெமி அளவு (நாவல்களுக்கு வழக்கமான ஓர் அச்சளவு) நூலுக்குக் கோட்டோவியம் வரைவதாக இருந்தால் அச்சளவைப்போல் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குறைக்கும்போது மெல்லிய கோடுகள் மறைந்து, நெருக்கமான கோடுகள் மையில் ஒன்றாகிவிடும் என்பதால், வரையும்போதே ஒரு நகலைச் சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கறுப்புக் கோட்டுப் படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமலும், வண்ணப் படங்களை 300 புள்ளிகளிலும் ஸ்கேன் செய்யுங்கள். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும். சோதனை அச்சு எடுக்காமல் வண்ணத்தை நம்ப வேண்டாம். ஓரம் வரை நீளும் படங்களுக்கு வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். மெல்லிய மேப்லித்தோ தாளில் பெரிய கறுப்புப் பரப்பு மறுபக்கத்தில் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் நூல் அச்சாவதால், படங்களின் எண்ணிக்கையை அந்தக் கணக்குக்குள் அடங்கும்படி முன்கூட்டியே திட்டமிட்டால் கடைசி நேரத்தில் நல்ல படம் ஒன்றை நீக்க வேண்டிய நிலை வராது. கணினியில் வரைவதாக இருந்தால் கிருதா என்ற இலவச மென்பொருளே போதுமானது.

கடைசிக் கேள்வி, பதிப்பாளர் எழுத்தை மட்டும் கேட்டால் என்ன செய்வது என்பது. அவர்களுக்கு வழக்கமான ஓவியர்கள் இருப்பார்கள், நூல்வரிசைக்கு ஒரே தோற்றம் வேண்டியிருக்கும். ஆகவே அதை அவமதிப்பாகக் கருத வேண்டாம். முழு நாவலோடு, முடித்த படங்கள் நான்கைந்தும் மாதிரித் தாள்களும் எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்ற திட்டமும் சேர்த்து அனுப்புங்கள். படம் இல்லாமல் கதை முழுமை பெறாத இடங்கள் இருந்தால், அவற்றைச் சுட்டிக்காட்டுவதே உங்கள் வலுவான வாதம். அப்படி ஓர் இடம்கூட இல்லையென்றால், உங்கள் படங்கள் அந்த நூலுக்கு அலங்காரம் மட்டுமே என்று பொருள். அந்நிலையில் வேறொரு நல்ல ஓவியரை ஏற்றுக்கொள்வதில் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. அவருக்கு உயர அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துவிட்டால் அவரும் நன்றி சொல்வார்.

உங்கள் படங்களையே ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தத்தில் கவனம் தேவை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்து ஓர் இலக்கியப் படைப்பு, படம் ஒரு கலைப்படைப்பு. இரண்டும் தனித்தனி உரிமைகள், படைத்த நொடியிலேயே உங்களுக்கு உரியவை, பதிவு செய்வது கட்டாயமில்லை. படைத்தவரின் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அவை நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகையால் எழுத்துக்கு ஒரு பிரிவும் படங்களுக்கு ஒரு பிரிவும் தனியாக எழுதச் சொல்லுங்கள். கதாபாத்திர உருவங்களைப் பொம்மை, நாட்காட்டி, அனிமேஷன் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும் உரிமை நூல் உரிமையோடு சேர்ந்து போகாது என்பதையும் தெளிவாகச் சேருங்கள். மூலப் படங்களை யாரிடமும் கொடுக்க வேண்டாம்; ஸ்கேன் செய்த கோப்புகளை அனுப்பினால் போதும், தாள்கள் உங்கள் வீட்டிலேயே அமிலமற்ற தாளுறைகளில் படுக்கை வசமாக இருக்கட்டும்.